மண்டித் தராசில் அப்பா

என் மகன் குளியலறை வாசலில் எடை பார்க்கும் கண்ணாடித் தட்டு ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறான். சர்க்கரைக்காரி தினமும் ஏறிப் பார்க்க வேண்டுமாம். நான் அதைத் தாண்டித்தான் போகிறேன், ஒரு நாளும் ஏறியதில்லை. கிழவிக்குப் பிடிவாதம் என்று மருமகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துவிட்டுப் போகட்டும். நம் வயதுக்காரர்களான உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குத் தராசு என்றாலே ஆகாது. ஏன் என்று கேட்டால் ஒரு வருஷத்துக் கதையைச் சொல்ல வேண்டிவரும். அப்பாவின் குழு கோப்பை வாங்கிய வருஷம் அல்ல. அந்தக் கதையை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த வருஷம்.

அப்பா கபடிக்காரர். இப்போது டிவியில் மெத்தை விரித்துக் கலர் விளக்குப் போட்டு ஆடுகிறார்களே, அந்த மாதிரி இல்லை. மண் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடிய ஆட்டம். ஆனால் சம்பளத்துக்கு ஆடியதுதான். திருச்சியில் வெங்காய மண்டி வைத்திருந்த ஒரு முதலாளிக்குக் கபடிப் பைத்தியம். ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்து, மண்டியிலிருந்தே மாதச் சம்பளம் கொடுத்து ஒரு குழு வைத்திருந்தார். அப்பாதான் அதற்குக் கேப்டன். இடது மூலையில் நிற்பார். கபடி கபடி என்று பாடி வருகிறவன் அவர் பக்கம் ஒரு காலை நீட்டினால் போதும், கணுக்கால் அவர் கையில் இருக்கும். பிடித்தால் பிடித்ததுதான். மாநிலப் போட்டியில் கடைசியாகப் பாடி வந்தவனை அவர் பிடித்த பிடியில்தான் கோப்பை வந்தது. நான் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அன்றிலிருந்து நான் ராசிக்காரி ஆகிவிட்டேன். எந்த ஊர்ப் போட்டிக்குப் போனாலும், பள்ளிக்கூடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவார்.

கோப்பையோடு ஒரு வாக்கும் வந்தது. ஊருக்கு வெளியே இருந்த பெரிய தொழிற்சாலையில் விளையாட்டுக்காரர்களுக்கென்று ஓர் இடம் காலியாகப் போகிறது. முதலாளியின் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு. “அடுத்த வருஷமும் கப்பு வரட்டும். நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி உக்கார வச்சிட்டு வர்றேன்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. மெதுவாகத்தான் பேசுவார், அதனாலேயே அவர் சொன்னது நடந்துவிடும் என்று தோன்றும்.

அப்பாவுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. கபடியில் அது கிழவன் வயது. முழங்கால் ஒரு தடவை விட்டுப்போனால் மண்டியில் மூட்டை தூக்க வேண்டியதுதான். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் ஒற்றை அறை வாடகை வீடு எங்களுடையது. அம்மாவோ அந்த வேலை வந்தே விட்ட மாதிரி பேசுவாள். குவார்ட்டர்ஸ் கிடைத்தால் எந்தச் சுவரில் சாமி படம் மாட்டுவது என்பது வரைக்கும் முடிவு செய்துவிட்டாள். சமயபுரத்துக்கு மொட்டை வேண்டிக்கொண்டிருந்தாள், தன் தலையைத்தான். முழங்கால் வரைக்கும் முடி அவளுக்கு.

கெட்டதெல்லாம் சாப்பாட்டில்தான் ஆரம்பித்தது.

கோப்பை வாங்கிய குழுவைக் கூப்பிட்டுச் சோறு போடாவிட்டால் ஊருக்கே தூக்கம் வராது போலிருந்தது. மேலப்புதூரில் ஒரு டீச்சர் வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்து, கேக்கும் கறிக்குழம்பும். மலைக்கோட்டைக்குக் கீழே துணிக்கடை வைத்திருந்த பாய் வீட்டில் மாதம் ஒரு பிரியாணி. அவர் அப்பாவின் பால்ய சிநேகிதர், கேட்கவே வேண்டாம். எங்கள் ஸ்ரீரங்கத்திலேயே சித்திரை வீதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கபடி என்றால் உயிர். “பெருமாள் அமுது செஞ்ச அக்காரவடிசல், வேண்டாம்னு சொல்லப்படாது” என்று நெய் வழிய வழியத் தொன்னையை நீட்டுவார். அப்பாவுக்கு இலையில் மிச்சம் வைக்கத் தெரியாது. கௌரவம் பண்ணிக் கூப்பிட்டவர்கள் வீட்டில் போதும் என்று இலையைக் கையால் மறைப்பது அவர்களை அடிப்பதற்குச் சமம் என்பார். என் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமாவும் அதே ரகம். ஒரு வீட்டில் கை நனைத்தால்தான் உறவு, நனைக்காவிட்டால் பகை. இருவருக்கும் அதில் கருத்து வேறுபாடே கிடையாது.

அந்த வருஷத்து முதல் போட்டி முசிறியில். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் கை கணுக்காலுக்கு ஒரு சாண் பின்னால் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. முதல் சுற்றிலேயே தோற்றோம். “கேப்டனுக்கு இன்னொரு எலை போடுங்கடா” என்று கூட்டத்தில் எவனோ கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பஸ்ஸில் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவர், சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்துதான் இந்தப் பக்கம் திரும்பினார்.

அடுத்த இரண்டு போட்டியும் அப்படியே. பாடிப் போகிறவர்களில் கெட்டிக்காரனான ஒருவன் வேறு குழுவுக்குப் போய்விட்டான். சம்பளம் கொடுக்கிற முதலாளி முகம் சுளிக்கவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஒரு நாள் அப்பாவைக் கூப்பிட்டு, “மாநிலப் போட்டிக்கு எழுபது கிலோதாங்க வரம்பு. ஞாபகம் இருக்குல்ல?” என்று மட்டும் கேட்டார். ஊர்ப் போட்டிகளில் எடை பார்க்க மாட்டார்கள். மாநிலப் போட்டியில் ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவரையும் தராசில் ஏற்றுவார்கள். எழுபதைத் தாண்டினால் ஆட முடியாது. மற்றவர்கள் எல்லாம் ஒல்லிப் பையன்கள், அறுபதை ஒட்டி நிற்பவர்கள், அவர்களுக்குக் கவலை இல்லை. அப்பா அன்றைக்கே மண்டித் தராசில் ஏறினார். எழுபத்தைந்து.

மண்டியில் வெங்காய மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு அது. இரும்பு மேடைமேல் ஏறி நிற்க வேண்டும். கணக்குப்பிள்ளை கம்பியில் குண்டை நகர்த்தி நகர்த்தி எண் சொல்வார். ஒரு மூட்டைச் சின்ன வெங்காயமும் எங்கள் அப்பாவும் ஏறத்தாழ ஒரே எடை. கீழே சிந்திக் கிடக்கும் வெங்காயத் தோல் அப்பா நடக்கும்போது காலில் ஒட்டிக்கொண்டு வரும். இன்றைக்கும் சின்ன வெங்காயம் உரிக்கும்போது எனக்குக் கண் எரிவதற்கு முன்னால் அந்தத் தராசு ஞாபகம் வந்துவிடுகிறது.

அப்புறம் எங்கள் வீட்டில் அடுப்பே ஒரு திருட்டுச் சாமானாகிவிட்டது. அப்பா காலையில் கொள்ளிட மணலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஓடுவார். சித்திரை வெயிலில் கம்பளிச் சட்டை. வந்ததும் ஒரு டம்ளர் மோர், மதியம் இரண்டு இட்லி, சாயங்காலம் கொய்யாக்காய். தாளிக்கிற வாசம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார் என்பதால் அம்மா தாளிப்பதையே நிறுத்தினாள். எனக்கு மட்டும் பக்கத்து வீட்டில் சோறு. அம்மா என்ன சாப்பிட்டாள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவளும் இறங்கிக்கொண்டேதான் இருந்தாள். ஜாக்கெட் தோளில் நிற்காமல் நழுவியது. அவளை யாரும் தராசில் ஏற்றிப் பார்க்கவில்லை.

மாமா வரும் நாளில் மட்டும் வீட்டில் முழுச் சமையல். அவருக்கு வையம்பட்டிப் பக்கம் கொஞ்சம் நிலம், சின்ன வெங்காயம் போடுவார். அப்பாவை நம்பி அதே மண்டிக்குத்தான் கொண்டுவருவார். மூட்டையைப் போட்டுவிட்டு வந்தால் மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். ஒரு தடவை சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், “ஊர்ல நிறுத்தா ஒண்ணு இருக்கு, இங்க நிறுத்தா ஒண்ணு இருக்குங்க மாப்பிள்ளை. கேட்டா, வர்ற வழியில காஞ்சி போச்சுங்கறாங்க.”

“வெங்காயம் காயத்தானேங்க மச்சான் செய்யும்” என்றார் அப்பா. “முதலாளி அப்படிப்பட்டவர் இல்லீங்க.”

“நீங்க சொன்னா சரிங்க.” மாமா சோற்றைப் பிசைந்தார். அப்பா பட்டினியாக எதிரே உட்கார்ந்திருக்க, தாம் சாப்பிடுவது அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் சாப்பிடாமல் எழுந்தால் தங்கைக்கு மனசு நோகும். தலையைக் குனிந்துகொண்டு வேகமாகச் சாப்பிட்டார்.

மண்டிக் கணக்குப்பிள்ளையை நான் அந்த நாட்களில் அடியோடு வெறுத்தேன். ஒட்டின கன்னம், காதில் பென்சில். குழுவுக்கு மேனேஜரும் அவர்தான். அப்பா ஒவ்வொரு கிலோவாக இறங்க இறங்க நாங்கள் சந்தோஷப்படுவோம், அந்த மனிதர் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். எழுபத்தொன்றுக்கு வந்த அன்றைக்கு, “இன்னும் நல்லா இறக்குங்க. அறுபத்தெட்டுக்குக் கொண்டாந்துடுங்க” என்றார்.

“எழுபதுதானேங்க வரம்பு?” என்றார் அப்பா.

“இருக்கட்டுங்க. ஒரு பாதுகாப்புக்கு.”

“அறுபத்தெட்டுக்கு வந்தா நான் மூலையில நிக்க முடியாதுங்க, பாடைலதான் படுக்கணும்.”

கணக்குப்பிள்ளை முதலாளியின் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். “சொல்றதச் சொல்லிட்டேங்க” என்றார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வழியெல்லாம், “என் சோத்துல இவனுக்கென்ன பொறாமை” என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நானும் கூடச் சேர்ந்து அந்த மனிதரைத் திட்டினேன். அவருக்குப் பொறாமை இல்லை, தெரிந்ததைச் சொல்ல வாயில்லை என்று இப்போது புரிகிறது. அப்போது பெரியவர்களுக்கே புரியவில்லை.

மாநிலப் போட்டி தஞ்சாவூரில். அதற்கு முந்தின நாள் மூன்று மணி வாக்கில் அப்பா மண்டித் தராசில் ஏறினார். நானும் கூட இருந்தேன். குண்டு எழுபதில் நின்றது. கம்பி ஆடாமல் நேராக நின்றது. அப்பா கீழே இறங்கி என் தலையில் கையை வைத்தார். கணக்குப்பிள்ளை எண்ணைச் சொல்லிவிட்டு உடனே வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் துணிக்கடை பாயின் மகளுக்குக் கல்யாணம். போகாமல் இருக்க முடியாது. மலைக்கோட்டைக் கீழ்ச் சந்துகளில் கூட்டத்தை இடித்துக்கொண்டு நடந்தோம். சந்து முனையிலேயே நெய்யும் பட்டையும் மணத்தன. அப்பா பையிலிருந்து ஓர் எலுமிச்சைத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பந்தியில் என்னை உட்கார வைத்துவிட்டு அவர் தூணோரமாக நின்றார். பாய் ஓடி வந்தார்.

“என்னப்பா, நின்னுட்டே இருக்கே? உக்காரு.”

“நாளைக்கு எடை பாக்கறாங்க பாய்.”

“என் மவ நிக்காஹ்ல ஒரு வாய்கூடவா இல்ல?”

அப்பாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு வீட்டுச் சோற்றை வேண்டாம் என்கிறார், அதுவும் யார் வீட்டில். “கப்போட வந்து உக்காந்து சாப்புடறேன் பாய். மன்னிச்சுக்க” என்றார். பாய்க்கு மனசு கஷ்டம்தான். ஆனாலும் தோளைப் பிடித்து, “துவா செய்யறேன், போய்ட்டு வா” என்று அனுப்பினார். வீட்டுக்கு வந்து அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். விடியும்வரை ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை. விடிந்ததும் நாங்கள் தஞ்சாவூர் பஸ் ஏறினோம்.

ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் தராசு வைத்திருந்தார்கள். நம் பையன்கள் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். ஒல்லிகள் என்பதால் யாரும் எண்ணைக்கூட நின்று பார்க்கவில்லை. அப்பா சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். அதிகாரி குண்டை நகர்த்தினார். எழுபது, எழுபத்தொன்று. இன்னும் நகர்த்தினார். “எழுபத்திரண்டு ஆகுதுங்களே” என்றார்.

“தராசு தப்புங்க” என்றார் அப்பா.

அதிகாரி நல்லவர். பக்கத்து அரிசிக் கடையிலிருந்து முத்திரை வைத்த எடைக்கல் கொண்டுவரச் சொல்லி ஏற்றிக் காட்டினார். தராசு சரியாக இருந்தது. அப்பா திரும்பிக் கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். “நீங்கதானே பாத்தீங்க. நேத்து எழுபது. சொல்லுங்க.”

கணக்குப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலையைத் தூக்காமலே, “ராத்திரி ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார்.

வராந்தாவில் இருந்த அத்தனை தலையும் அப்பா பக்கம் திரும்பியது. பையன்களில் ஒருவன், “பாய் வீட்டுக் கல்யாணம்ல நேத்து” என்று இன்னொருவன் காதில் சொன்னது எனக்கே கேட்டது.

ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். அப்பா கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார். வியர்வை முதலில் கொட்டியது, பிறகு அதுவும் வரவில்லை. எலுமிச்சையைக் கடித்துக் கடித்துத் துப்பினார். எச்சில் வற்றியதும் தெருக்கோடி சலூனுக்கு ஓடி முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தார். மீசையையும் எடுத்துவிட்டார். மீசை இல்லாத அப்பாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தராசில் ஏற்றும்போது இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்போதும் எழுபத்தொன்றைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதிகாரி குண்டைப் பின்னால் தள்ளிவிட்டு, “வேணாங்க, தண்ணி குடிங்க” என்றார்.

கேப்டன் இல்லாத குழு முதல் ஆட்டத்திலேயே தோற்றது. இடது மூலையில் அப்பாவுக்குப் பதிலாக நின்ற பையனைச் சுற்றி எதிரணிக்காரன் விளையாட்டுக் காட்டிவிட்டுப் போனான். போன வருஷத்துக் கோப்பையைத் திருப்பித் தரக் கணக்குப்பிள்ளை துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அப்பா மேடைப் பக்கம் போகவில்லை. பள்ளிக்கூடக் குழாயில் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன், ராசிக்காரி.

நாங்கள் ஸ்ரீரங்கம் வந்து சேர்வதற்கு முன்பே பேச்சு வந்துவிட்டது. கேப்டன் பிரியாணி தின்றே கோப்பையைக் கோட்டை விட்டார். பால்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பால் ஊற்றினார். சித்திரை வீதி ஆசிரியர், “நாக்கை அடக்கறது சாமானியமா என்ன” என்று அப்பாவுக்கே ஆறுதல் சொன்னார். அம்மாகூட, “நெசமாவே ஒண்ணும் சாப்பிடலியாங்க?” என்று கேட்டுவிட்டாள். அப்பா, “நீயுமா கேக்கறே?” என்றார். அன்று அம்மா அழுதது அவரைச் சந்தேகப்பட்டதற்கா, போன வேலைக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து மாமா வந்தார். நடந்ததை அப்பா சொல்லச் சொல்லத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தவர், விசிறுவதை நிறுத்தினார்.

“எந்தத் தராசுல எழுபது இருந்துச்சு?”

“நம்ம மண்டித் தராசுலதாங்க.”

“மூட்டை நிறுக்கிற தராசு?”

“ஆமாங்க.”

மாமா எழுந்துவிட்டார். அப்பாவும் அந்தக் கணத்தில்தான் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். அவர் வாய் திறந்தபடியே இருந்தது. எத்தனை வருஷமாக எத்தனை மூட்டை, ஒவ்வொன்றிலும் இரண்டு கிலோ குறைத்துக் காட்டியிருக்கிறது அந்தத் தராசு. கணக்குப்பிள்ளை எதற்கு அறுபத்தெட்டு என்றார் என்பதும் அப்போது விளங்கியிருக்கும். முதலாளிக்கும் எல்லாம் தெரியும். அப்பா பட்டினி கிடப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். உண்மையைச் சொன்னால் வெங்காயக்காரர்களிடம் மாட்டிக்கொள்ள வேண்டும், அதனால் வாயை மூடிக்கொண்டு அப்பாவைத் தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டார்.

மாமா மண்டிக்கு வருகிற வெங்காயக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். மறுநாள் கூட்டமாகப் போய் நின்றபோது மண்டியில் தராசு இல்லை, பழுது பார்க்கப் போயிருந்தது. அது திரும்பி வந்தால் சரியாகத்தான் நிறுக்கும் என்று யாருக்குத் தெரியாது. ஆக, அந்தத் தராசு பொய் சொன்னதற்கு மிச்சம் இருந்த ஒரே சாட்சி எங்கள் அப்பா.

அன்று சாயங்காலம் கணக்குப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “நாளைக்கு எல்லாரும் மண்டிக்கு வர்றாங்க. ராத்திரி சாப்பிட்டுட்டேன்னு அவங்க முன்னாடி நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதுமாம். அப்பவே தொழிற்சாலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு முதலாளி சொல்லச் சொன்னாருங்க. கப்பு இல்லாட்டியும் பரவாயில்லையாம்.” சொல்லும்போது அவர் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் போன பிறகு அப்பா வாசற்படியிலேயே இருந்தார். அம்மா குழாயடியிலிருந்து குடத்தோடு வந்து, அதை இறக்கி வைக்காமலே பேசினாள்.

“சொல்லிடுங்க.”

“உங்க அண்ணன் முன்னாடி நின்னு சொல்லணும் தெரியுமா?”

“தெரியும். எங்கண்ணனுக்கு நிலம் இருக்கு. நமக்கு என்ன இருக்கு? உங்க முட்டி எத்தனை நாளைக்கு வரும்? இவளுக்கு என்ன பண்ணப் போறோம்?” என்னைக் காட்டினாள். “சாப்பிட்டேன்னு சொன்னா யாரு சாகப் போறாங்க?”

 அம்மா உள்ளே போய்ப் பல நாளைக்குப் பிறகு கடுகு தாளித்தாள்.

மறுநாள் காலையில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு மண்டிக்குக் கூட்டிப் போனார். “உங்கப்பா பேசறத நீயும் கேக்கணும் புள்ள” என்றார். அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. துறையூர், மணப்பாறைப் பக்கத்து ஆட்களெல்லாம் மூட்டைகளோடு நின்றார்கள். தராசு வந்துவிட்டிருந்தது. முதலாளி வழக்கம்போல மெதுவாகத்தான் பேசினார்.

“தராசு இதோ இருக்கு, யாரு வேணாலும் கல்லு வச்சுப் பாத்துக்குங்க. கேப்டன வச்சுத்தானே இவ்வளவு பேச்சு? அவரு இங்கதான் நிக்கறாரு. அவரையே கேளுங்க.”

மீசை எடுத்த முகத்தோடு அப்பா முன்னால் வந்தார்.  உண்மையைச் சொல்லிவிடுவார் என்று பயந்தேனா, சொல்லாமல் போய்விடுவார் என்று பயந்தேனா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. குவார்ட்டர்ஸ் சுவரில் சாமி படம் எனக்கும் தெரிந்துகொண்டிருந்தது.

மாமாதான் கேட்டார். “சொல்லுங்க மாப்பிள்ளை. அன்னிக்கு ராத்திரி சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேங்க” என்றார் அப்பா.

“பாய் வீட்ல நீங்க கை நனைக்கலைன்னு பாயே சொன்னாரே. நேத்துப் போயிக் கேட்டேன்.”

“அவருக்குத் தெரியாதுங்க. வெளியில வந்து கடையில சாப்பிட்டேன்.”

மாமாவின் கை என் கையின்மேல் இறுகியது. அன்று முழுக்க நான் அப்பாவோடு இருந்தேன் என்பது அவருக்குத் தெரியும். குனிந்து என்னைப் பார்த்தார். அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அப்பாவும் பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். மாமா கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை.

“சரிங்க” என்று சொல்லிவிட்டு என் கையை அப்பாவின் கையில் கொடுத்தார். தம் மூட்டைகளைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னார். பின்னால் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் முணுமுணுத்தார்கள், பிறகு ஒவ்வொருவராக மூட்டையை இறக்கத் தொடங்கினார்கள்.

அப்பாவுக்கு வேலை கிடைத்தது. முதலாளி சொன்னபடியே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். குவார்ட்டர்ஸ் வந்தது, அம்மா மொட்டை போட்டாள், நான் காலேஜ் வரைக்கும் படித்தேன். ஊரில் அவருக்குப் பிரியாணிக் கேப்டன் என்ற பேர் நிலைத்தது. அவர் அதற்குச் சிரிக்கவும் பழகிக்கொண்டார். மகள் கல்யாணச் சோற்றை வேண்டாம் என்றவர் வெளியில் கடையில் சாப்பிட்டாராம் என்று கேள்விப்பட்ட துணிக்கடை பாய் மட்டும் அவரைப் பார்த்தால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார். கபடி மைதானம் பக்கம் அப்பா அப்புறம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மாமா உறவை விடவில்லை. தீபாவளி, பொங்கல், எனக்குச் சடங்கு, தாய்மாமன் சீர் எதிலும் குறை வைக்கவில்லை. வருவார், அம்மாவை விசாரிப்பார், என் படிப்பைக் கேட்பார். சாப்பிட மட்டும் மாட்டார். அம்மா இலையைப் போட்டுவிட்டு நிற்பாள். “இப்பத்தான் சாப்பிட்டேன் தங்கச்சி” என்பார். வையம்பட்டியிலிருந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்திருப்பார், உதடு காய்ந்திருக்கும், ஒரு டம்ளர் மோர்கூட வாங்க மாட்டார்.

என் கல்யாணத்தன்று பந்தியெல்லாம் முடிந்த பிறகு, அப்பா தாமே ஓர் இலையில் எல்லாவற்றையும் பரிமாறி எடுத்துக்கொண்டு மண்டப வாசலுக்குப் போனார். மாமா அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

“மச்சான், புள்ள கல்யாணம். ஒரு வாய்ங்க” என்றார் அப்பா.

மாமா மரியாதையாக எழுந்து நின்றார். அப்பாவின் கண்ணைப் பார்த்துச் சொன்னார்:

“வெளியில கடையில சாப்பிட்டேங்க மாப்பிள்ளை.”